உலை அணைந்த வேலைநிறுத்தம்

கண்ணாடி உலையை ஒருமுறை பற்றவைத்துவிட்டால் வருஷக்கணக்கில் அணைக்க முடியாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கிற கண்ணாடி பாறையாக இறுகிவிடும், சுவரும் பிளந்துபோகும். அதன்பிறகு அதை இடித்து அள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. பாட்டில் செய்யும் அந்தக் கம்பெனியில் உலையைக் கவனித்துக்கொண்டவர், அங்கேயே பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த அக்காவின் கணவர். கல்யாணத்தன்றுகூடச் சாப்பிட்ட கையோடு போய் உலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்த மனுஷர். "அக்காவுக்கு மூத்தாள் ஒருத்தி இருக்கா, கிட்ட போனா சுட்டுடுவா" என்று பேக்கிங் பெண்கள் கேலி பேசுவார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும். சங்கம் அவளிடமிருந்துதான் தொடங்கியது. பேக்கிங் பிரிவில் ஒரு நாள் சூடு ஆறாத பாட்டில் வெடித்து, பக்கத்தில் நின்ற அவளுடைய சிநேகிதியின் ஒரு கண் போனது. அஜாக்கிரதை என்று சொல்லி அந்தச் சிநேகிதியையே வேலையைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் அக்கா பாட்டிலைத் தொடாமல் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பிரிவே உட்கார்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் சிநேகிதிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கண்ணுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அக்காவுக்கு விடுமுறை நாள் என்பதே இல்லாமல் போயிற்று. சங்கம் சேர்க்க வேறு ஊர்களில் உள்ள கண்ணாடி ஆலைகளுக்கு பஸ் பிடித்துப் போவாள். ஓர் இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் அன்பாக டீ வாங்கிக் கொடுத்துவிட்டு போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆனாலும் ஆலைக்கு ஆலை கிளை முளைத்தது. கிளைகள் சேர்ந்து நாடு முழுவதுக்குமான ஒரே சங்கம் ஆனது. தலைநகரில் லிஃப்ட் வைத்த கட்டடம், கார், ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. தலைமை அலுவலகத்துக்கு அக்கா முதல்முறை போனபோது, யாரைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் நிறுத்திக் கேட்டார்கள்.

பிறகுதான் அந்த வேலைநிறுத்தம். உலைவாயில் நிற்பவர்களுக்கு வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், கண்ணுக்குக் காப்பு தர வேண்டும், அடிபட்டவர்களுக்கு ஈடு கட்ட வேண்டும் என்று நாட்டிலுள்ள எல்லாக் கண்ணாடி ஆலைகளும் ஒரே நாளில் நின்றன. உலைகளை மட்டும் சாகவிடக் கூடாது, முறை வைத்து நெருப்பைக் காப்பாற்றுங்கள் என்பது சங்கத்தின் கட்டளை. அக்காவின் கணவர் தன் முறை முடிந்தும் வீட்டுக்கு வராமல் அங்கேயே கிடந்தார்.

வேலைநிறுத்தம் இழுத்துக்கொண்டே போன சமயத்தில் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரும்மா. நீங்க கேக்கறது அத்தனையும் முதலாளி தர்றார். ஆனா இந்தக் கம்பெனிக்கு மட்டும் தனி ஒப்பந்தம். நீ கையெழுத்துப் போட்டா உலை எரிக்கிற எண்ணெய் லாரி உள்ள வரும்."

"போடலைன்னா?"

"வராது. தொட்டியில இருக்கறது எவ்வளவு தாங்கும்னு உன் வீட்டுக்காரரையே கேளு. உலை போச்சுன்னா முதலாளி புதுசு கட்டமாட்டார். அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

அக்கா வெளியே வந்து சங்கத்தின் பொதுச் செயலாளருக்குப் போன் போட்டாள். மேனேஜர் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னாள்.

"நீங்க தனியாக் கையெழுத்துப் போட்டா, இதே வலையை ஒவ்வொரு கம்பெனியிலயும் விரிப்பாங்க, தோழர். சின்னக் கம்பெனி ஆளுங்க தனியா நின்னு தாங்கமாட்டாங்க. ஆனா போடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உங்க ஆளுங்க முடிவு பண்ணட்டும்."

சைக்கிள் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். அக்கா எதையும் மறைக்கவில்லை. முதலில் எழுந்தவள் கண் போன சிநேகிதி.

"கையெழுத்துப் போட்டுடு அக்கா. போன கண்ணு திரும்பி வரப்போறதில்லை. எனக்கு இந்த வேலையை விட்டா வேற என்ன தெரியும்?"

பலர் ஆமாம் என்றார்கள். அந்த இடத்தில் அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒப்பந்தம் முடிந்திருக்கும். அவள் மூடவில்லை. தான் போய்வந்த ஆலைகளைப் பற்றிப் பேசினாள். தன் பேச்சை நம்பிக் கிளை ஆரம்பித்து அடி வாங்கியவர்களைப் பற்றிப் பேசினாள். "நம்ம சோத்தைப் பத்திரப்படுத்திக்கிட்டு அவங்களை நடுத்தெருவுல விடவா இத்தனை வருஷம் ஊர் ஊராப் போனேன்?" என்று கேட்டாள். கை தூக்கச் சொன்னார்கள். கையெழுத்து வேண்டாம் என்ற பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கணவர் எந்தப் பக்கமும் கை தூக்காமல் உலைக்குத் திரும்பிப் போனார்.

லாரி வரவில்லை. இருந்த எண்ணெயை அவர் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். ஆட்கள் உடைந்த பலகை, பெட்டி என்று கொண்டுவந்து குவித்தார்கள். மரத்துக்கு அடங்குகிற பசியா அது? செக்கச் செவேலென்று இருந்த உலைவாய் மங்கி, கருஞ்சிவப்பாகி, கறுத்தது. உள்ளே செங்கல் வெடிக்கிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் குலுங்குவதை அக்கா வாசலில் நின்று பார்த்தாள். கிட்டே போகத் துணிவில்லை.

தனி ஒப்பந்தத்துக்கு ஒரு கம்பெனியும் மசியாததால் அடுத்த வாரமே முதலாளிகள் சங்கம் இறங்கி வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்தது, நாடு முழுவதற்கும். அக்காவின் கம்பெனியில் மட்டும் வாசலுக்குப் பூட்டுப் போட்டு, உலை செத்ததால் ஆலை மூடப்பட்டது என்று எழுதி ஒட்டினார்கள். தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. பாதிப் பேருக்கு வேறு ஊர் ஆலைகளில் இடம் பிடித்துக் கொடுத்தது. வயதானவர்களையும் பேக்கிங் பெண்களையும் எங்கேயும் எடுத்துக்கொள்ளவில்லை.

வெற்றி மாநாட்டில் அக்காவை மேடையேற்றினார்கள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கீழே இறங்கியதும் முன்பின் தெரியாத ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எங்களுக்கெல்லாம் கண்ணுக்குப் போட்டுக்கக் கண்ணாடி குடுத்திருக்காங்கக்கா, தினம் உங்களை நினைச்சுக்குவேன்" என்றாள். அக்கா சிரிக்க முயன்றாள். முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் முதலில் சிநேகிதி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் அக்காவைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டில் கணவர், துணிக்கடையில் கிடைத்த வாட்ச்மேன் வேலைக்கான சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்சது தப்பாங்க?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "தப்புன்னு சொல்லமாட்டேன். உன் இடத்துல இருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேனோ என்னவோ. ஆனா சரின்னு என் வாயால சொல்லச் சொல்லாத." சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

சங்கம் அவளுக்குத் தலைநகரில் ஒரு மேஜையும் நாற்காலியும் தருவதாகச் சொன்னது. அவள் போகவில்லை. ஓடு செய்கிற ஆலை ஒன்றில் கிளை தொடங்க ஆள் வேண்டும் என்றபோது மட்டும் கிளம்பினாள். ஆலைக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். கையெல்லாம் செம்மண். அக்கா பேசி முடித்ததும் ஒருத்தி கேட்டாள்.

"சங்கத்துல சேர்ந்ததால உங்க கம்பெனி இப்ப எப்படிக்கா இருக்கு?"

பொய் சொல்ல ஒரு கணம் நாக்கு துடித்தது. "மூடிட்டாங்க" என்றாள். பிறகு நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

கேட்டவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். டீ ஆறி ஆடை கட்டியது. அடுத்த கேள்வியை அவர்கள் கேட்கட்டும் என்று அக்கா காத்துக்கொண்டிருந்தாள்.