முப்பத்தெட்டு நாள் தொலைவில் தலையணைகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதன்று. கல்லூரி மாணவர்களின் பயிற்சி அறிக்கைகளில் மொழிப்பிழை திருத்தித் தருவது என் வேலை. அவ்வாறு வந்த ஓர் அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்து ஓரத்தில், பென்சிலால், மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'இன்னும் 24 நாள். யாரிடமும் சொல்லவில்லை.' அறிக்கைக்குத் தொடர்பில்லாத எதையும் நீக்கிவிடுவது என் வழக்கம். அழித்தேன், துகளை ஊதினேன், அடுத்த பக்கத்துக்குப் போனேன். அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தபோது அதை எழுதிய பெண்ணிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதவேண்டிய தேவை இருந்திராது.

ஆகவே பின்வருவன அனைத்தும் ஊகம். உறுதியானது பென்சில் மட்டுமே.

2

முதல் தொடக்கம்: 'கப்பல் புறப்பட்ட காலையில் அவள் துறைமுகத்தில் நின்று, மெல்ல விலகும் அந்த'

இல்லை. அவள் துறைமுகத்தைப் பார்த்ததே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: 'அட்டவணை என்பது வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர்.' இது நிற்கும். எதைக் கேட்டாலும் கோடு போட்டு, கட்டம் கட்டித்தான் பதில் சொல்வாள். கல்லூரிப் பலகையில் 'விநியோகச் சங்கிலி மேலாண்மை' என்றும், மாணவர் வாயில் 'சப்ளை செயின்' என்றும் வழங்கும் படிப்பு. சேர்க்கை நாளன்று அந்தத் துறைக்கு நின்ற வரிசைதான் மிகக் குட்டையாக இருந்தது. அதில் போய் நின்றாள். வரிசைகள் ஏன் நீள்கின்றன என்பதே அங்கு முதல் பாடம் என்பது பிறகு தெரிந்தது.

இறுதிப் பருவத்தில், விடுதிகளுக்குப் படுக்கைப் பொருள்கள் வழங்கும் ஒரு கிடங்கில் அவளுக்குப் பயிற்சி. நன்றாகச் செய்தால் அங்கேயே கொள்முதல் திட்டமிடும் பணி. வீட்டில் அவளும் அக்காவும் மட்டும். அக்கா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. 'வேலை' என்ற சொல்லுக்கு முன்னால் 'நிரந்தர' என்னும் அடைமொழி அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

3

கிடங்கில் தலையணை குறைந்துகொண்டு வந்தது. மாதத் தேவை, கையிருப்பு, வந்துசேரப் பிடிக்கும் காலம் ஆகிய மூன்றையும் வைத்து அட்டவணை கணக்கிட்டாள். விடை இருநூற்று நாற்பது. மிகச் சரியான விடை. திரையில் 240 என்று பதிந்தாள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒடுங்கிய கட்டம் ஒன்று இருந்தது. அதில் 'கட்டு' என்றிருந்தது. ஒரு கட்டில் இருபது தலையணை.

(இந்த இடத்தில் பாத்திரத்தின்மேல் எனக்கு ஐயம் வந்தது. வகுப்பில் முதலாவதாக வருபவள் இவ்வளவு சமமான தரையிலா சறுக்குவாள்? அவளுடைய மூன்றாண்டு வினாத்தாள்களைக் கற்பனையில் எடுத்துப் படித்தேன். எல்லா வினாவும் உருப்படிகளிலேயே கேட்கப்பட்டிருந்தன. அலகைப் பார்க்கும் பழக்கம் வராமல் போனதற்கு அவளுடைய நூற்றுக்கு நூறுகளே காரணம். சுமாராகப் படித்தவர் எவரேனும் சந்தேகப்பட்டு, உள்ளே நடந்துபோய் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்திருப்பார்.)

ஒப்புதலுக்கு மேலாளர் அம்மையாரிடம் போனது. அவர் தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கியபடி, "நீ போட்டா சரியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லி விசையை அழுத்தினார்.

நான்காயிரத்து எண்ணூறு தலையணைகள் கப்பலேறின. பத்தாம் நாள், சரக்குப் பட்டியலைக் கோப்பில் சேர்க்கும்போது அட்டவணை தன் பிழையைக் கண்டாள்.

அடிக்குறிப்பு: பயணம் மொத்தம் முப்பத்தெட்டு நாள். பதினேழாம் நாள் ஒரு நடுத்துறைமுகத்தில் சரக்குகள் கப்பல் மாறும். அதற்கு முன் சொன்னால் பெரும்பகுதியை வேறு கிளைகளுக்குத் திருப்பலாம், பிறகு முடியாது. முப்பதாம் நாள் அவளுக்குப் பணி உறுதியாகும். வாசகர் இவ்வளவை நினைவில் வைத்தால் போதும்.

4

கைபேசியில் கப்பல் ஒரு பச்சை முக்கோணமாகத் தெரிந்தது. நீலத்தில் அசையாமல் நிற்கும். சாப்பாட்டு இடைவேளை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தாலும் நிற்கும். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பினால் ஒரு நூலளவு நகர்ந்திருக்கும்.

கிடங்கின் கூரைக் கண்ணாடி வழியே மதிய வெளிச்சம் சாய்ந்து இறங்கும். அதில் இரும்பு அடுக்குகள் நிழலோடு சேர்ந்து இலேசாக ஆடுவதுபோல் இருக்கும். அங்கே உட்கார்ந்து அவள் அவற்றை நினைப்பாள். காற்று உறிஞ்சப்பட்டு, தட்டையாகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் தலையணைகள். யாரும் இன்னும் தலைவைக்காதவை. ஆதலால் ஒரு கனவும் படியாதவை. நான்காயிரத்து எண்ணூறு பேருடைய தூக்கம், ஆள்களே இல்லாமல், கடல்மேல் மிதந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை.

(அடுத்த பகுதியை எழுதாவிட்டால் கப்பல் அங்கேயே நிற்கும். இரண்டு வாரம் அப்படி விட்டும் பார்த்தேன். அந்த இரண்டு வாரமும் அவள் திறந்த சாப்பாட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அது முறையன்று என்று பட்டதால் தொடர்கிறேன்.)

5

பதினைந்தாம் நாள் விடுமுறை. காலையில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

"என்னடி, எழுந்ததுலேருந்து கடலையே பாத்துக்கிட்டிருக்க? மாப்பிள்ள கப்பல்ல வர்றானா?"

"நாலாயிரத்து எண்ணூறு பேரு வர்றாங்க."

"அத்தன பேருக்கும் யாரு சமைக்கிறது? எனக்கு டூட்டி இருக்கு."

அட்டவணை சொன்னாள். கட்டு, உருப்படி, நடுத்துறைமுகம், எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா ஒரு போர்வையின் இரண்டு முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"தலகாணிதானே. கால்ல விழுந்தாக்கூட வலிக்காது."

"அக்கா."

"சரி, சொல்லு. இப்பவே சொல்லிட்டா என்ன ஆகும்?"

"வேல கிடைக்காது. பயிற்சியிலயே இப்படிப் பண்ணவள யாரு எடுப்பாங்க?"

"சொல்லாம இருந்தா?"

"முப்பதாம் நாள் கையில வேல ஆர்டர் வந்துடும். அப்புறம் லேசுல எடுக்க மாட்டாங்க. தலகாணி வரும்போது, யாரு ஒப்புதல் குடுத்ததுன்னுதான் மேலிடம் கேக்கும். அதுல மேடம் பேருதான் இருக்கு."

"அந்தம்மா எப்படி?"

"திட்டுவாங்க. ஆனா எனக்கு ஒரு நாற்காலி வேணும்னு அவங்களே சண்ட போட்டு வாங்கிக் குடுத்தாங்க. பயிற்சிக்கு வர்றவங்களுக்கு நாற்காலி கிடையாதாம்."

போர்வை நான்காக மடிந்தது. எட்டாக மடிந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் இருவரும் ஓரடி நெருங்கினார்கள்.

"எங்க இடத்துல ஒருத்தி வெள்ளத் துணியோட செவப்புத் துணியப் போட்டுட்டு, வாயத் தொறக்கல" என்றாள் அக்கா. "பழி பக்கத்து மெஷின்காரி மேல விழுந்து, அவள வேற பிரிவுக்கு மாத்தினாங்க. ரெண்டு பேரும் இன்னும் ஒரே பஸ்லதான் வர்றாங்க. பாக்கவே கஷ்டமா இருக்கும்."

"நீ என்ன சொல்ல வர்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. முனைய நேராப் புடி."

6

முடிவுகளுக்கு வருவோம். மூன்று எழுதினேன்.

முதலாவதில் புயல் வந்தது. பெட்டி கடலில் விழுந்து உடைய, தலையணைகள் மூச்சுவிட்டு உப்பி, அலைமேல் வெள்ளை மந்தையாக மிதந்தன. எழுதும்போது எனக்கே கண் சொக்கியது. அடித்துவிட்டேன். ஒரு பெண்ணின் தயக்கத்தைத் தீர்க்கக் கடலைக் கலக்குவது அளவுக்கு மீறிய செலவு.

இரண்டாவதில், இரண்டாயிரத்து நானூறு அறைகள் கொண்ட புதிய விடுதி ஒன்று திறக்கப்பட்டு, சரியாக அத்தனை தலையணையும் கேட்டது. அடித்துவிட்டேன். அறிக்கை எழுதும் மாணவர்கள்கூட இப்படித் துணிய மாட்டார்கள்.

மூன்றாவதில் அவள் சொல்லவில்லை. முப்பதாம் நாள் பணி ஆணை வந்தது. முப்பத்தெட்டாம் நாள் கிடங்கின் கதவு உயர்ந்தது. மேலாளர் அம்மையார் தம் பெயர் அச்சான தாளைப் பிடித்தபடி பெட்டியின் முன் நின்றார். அவள் அவருக்குப் பின்னால், தனக்கென வாங்கித் தரப்பட்ட நாற்காலியில்

இதற்கு மேல் எழுத வரவில்லை. நம்பமுடியாத முடிவன்று, நன்றாகவே நம்பலாம். ஆனால் அவள் எழுந்துவிட்டாள்.

7

பதினாறாம் நாள், பிற்பகல் மூன்று மணி. மேலாளர் அறைக்கதவு பாதி திறந்திருக்கிறது.

"என்னம்மா?"

"மேடம், தலகாணி ஆர்டர்ல தப்புப் பண்ணிட்டேன். இருநூத்தி நாப்பது கேக்கவேண்டியது. கட்டுன்னு இருந்ததக் கவனிக்கல. நாலாயிரத்து எண்ணூறு வருது. நாளைக்குத் துறைமுகத்துல மாத்தறதுக்குள்ள சொன்னா மத்த கிளைக்குத் திருப்பலாம்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஆறு நாளாச்சு."

மேலாளர் அம்மையார் திரையைத் தம் பக்கம் திருப்புகிறார். எண்ணைப் பார்க்கிறார். அலகைப் பார்க்கிறார். அதற்குக் கீழே ஒப்புதல் கொடுத்தவர் பெயரைப் பார்க்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார்.

அவர் அடுத்துச் சொல்வதை நான் எழுதப்போவதில்லை. அட்டவணையின் முடிவை அவளே எடுத்துவிட்டாள். மீதி உள்ளது மேலாளர் நாற்காலியில் இருப்பவருடையது. எனக்குக் கீழே யாரும் வேலை செய்ததில்லை. என்முன் யாரும் அப்படி வந்து நின்றதில்லை. உங்கள்முன் நின்றிருக்கலாம், அல்லது நாளை நிற்கலாம். ஆகவே நீங்கள் உள்ளே வந்து அம்மையாரின் இடத்தில் அமருங்கள். ஆறு நாள் தாமதம் இருக்கிறது, அதையும் மறக்கவேண்டாம். துறைமுகத்துக்குப் பேச நேரமும் இருக்கிறது. அவள் இரு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாள்.

முதலில் அவளை உட்காரச் சொல்லுங்கள்.