அம்மா எண்ணாமல் விட்ட பிரசவம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். கருத்தடைக்கு வழி கேட்கப் போன இடத்தில், பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "எனக்கு மூணு பிள்ளைங்க" என்று நர்ஸிடம் சொன்னாள். அவள் என் அம்மா. அவளுக்கு நாலு. விட்டுப்போனது நான்.

வடக்கே, கட்சினா ஊரில் கதை எழுதிப் பிழைக்கிறவள் நான். மாப்பிள்ளை, கார், சக்களத்தி சண்டை, கடைசியில் கல்யாணம். பெண்கள் சந்தையில் வாங்கிப் போவார்கள், போனில் ஒருத்தி படிக்க நாலு பேர் கேட்பார்கள். அவர்களிடம் போய் மாத்திரை, ஊசி, உதிரம் என்று ஆரம்பித்தால், "உனக்கு வெட்கமே இல்லையாடி?" என்பார்கள். இருக்கிறது. அதுதான் சிக்கலே.

2

முதல் தொடக்கம்: "சலமாத்து அழகி. ஆனால் அவளுடைய இடது கால் மட்டும்" — (நிறுத்திவிட்டேன். பெற்றவள் காலை மகள் வர்ணிக்கலாமா?)

இரண்டாவது: "கருத்தடை குறித்து நம் சமூகத்தில் நிலவும்" — (இது ரேடியோவில் பேசுகிற டாக்டர் குரல். நானே கேட்க மாட்டேன்.)

மூன்றாவது: "அக்கா எனக்கு ஆள் அனுப்பியிருந்தாள்." (இது தேவலை. ஆனால் யார் அந்த அக்கா என்று சொல்லியாக வேண்டும்.)

எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளையின் பேரைப் பெற்றவள் சொல்ல மாட்டாள். நாலு பேர் முன்னால் மடியில் வைத்துக் கொஞ்ச மாட்டாள். அது விழுந்து அழுதால் வேறு யாராவது எழுந்து போவார்கள். கூச்சம். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அதுதான் அழகு. என்னை டேலு அத்தை, அப்பாவுடைய அக்கா, கொண்டுபோய் வளர்த்தாள். அத்தையை அம்மா என்று கூப்பிட்டேன். அம்மாவை அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா என்னை "இந்தா பொண்ணு" என்பாள். எனக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. (பொய். அந்த வரியை அடித்துவிடலாமென்று போனேன், கை வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.)

அந்தக் காலைப் பற்றி எனக்குச் சொன்னது அத்தைதான். எப்போது கோபம் வந்தாலும் அங்கிருந்துதான் தொடங்குவாள்.

"நீ வெளிய வந்தே, உன்னைப் பெத்தவளுக்குக் காலு மரக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சு. வேப்பிலை போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊத்துறோம், வீக்கம் ஏறுதே ஒழிய இறங்கல. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா, ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிடக்கு, நெஞ்சுக்கு ஏறியிருந்தா ஆளு இல்லைன்னுட்டாங்க. பொறக்கும்போதே வம்போட பொறந்தவ நீ."*

* அத்தைக்கு என் மேல் உயிர். திட்டினால்தான் அவளுக்குப் பேசின மாதிரி இருக்கும்.

3

அக்கா ஏன் கருத்தடைக்குப் போனாள் என்றால், என் கடைசித் தம்பி இத்ரீஸ் பிறந்தபோது அவளுக்கு போன உயிர் திரும்பி வந்தது. இன்னொன்று தாங்காது என்று அப்பாவுக்கே தெரியும். "செய்றதைச் செய்ங்க, எங்கிட்ட விவரம் சொல்லாதீங்க" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

நர்ஸ் டோஷிமா தெற்கே பெனுவேக்காரி, புதிதாக மாற்றலாகி வந்தவள். எங்கள் ஊர் நர்ஸாக இருந்தால், "ஒளிச்சு வெச்சிருக்கிறதையும் சேத்து எத்தனை?" என்று கேட்டுச் சிரித்திருப்பாள். இவளுக்கு அது தெரியாது. பாவம், தெரிந்துகொள்ள வேண்டுமென்றும் தெரியாது.

"இது யாரு, மகளா?"

"என் நாத்தனார் வளக்குற பொண்ணு. படிச்சிருக்கு. அதான் கூட்டிட்டு வந்தேன்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"ஊசி போட்டுக்கறீங்களாம்மா? மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்."

"ஊசி போட்டா உதிரம் எப்ப வரும், எப்ப நிக்கும்னு சொல்ல முடியாதாமே. எங்க தெருவுல ரக்கியா போட்டுக்கிட்டா. சொட்டுச் சொட்டாப் பட்டுக்கிட்டே இருந்துச்சு. தொழுகை இல்ல, நோன்பு இல்ல. மாமியாக்காரி சுருட்டி வெச்ச பாயைப் பாத்துப்பாத்துக் கேட்டுச்சு, 'ஏம்மா, உனக்கு மட்டும் மாசம் பூரா லீவா'ன்னு."

பெஞ்சில் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். டோஷிமாவும் சிரித்தாள். "சில பேருக்கு அப்படி ஆகும். போகப்போகச் சரியாயிடும்மா."

"ரமலான் வாசல்ல நிக்குது. அது போகப்போக வருமா?"

"கையில வைக்கிற குச்சி இருக்கு. வருஷக்கணக்குல கவலையில்ல. ஆனா அதுலயும் உதிரம் முன்னப்பின்ன ஆகலாம்."

"அப்ப அதுவும் வேண்டாம்."

"உள்ள வைக்கிற வளையம்?"

"யாரு வைப்பாங்க?"

"நான்தான்."

அக்கா முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். டோஷிமா அந்தப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தாள்.

"அப்ப மாத்திரைதான். உதிரம் தேதிக்கு வரும், தேதிக்கு நிக்கும். வயித்தைப் புரட்டலாம், மார் கனக்கலாம், தலை வலிக்கலாம்."

"தலைவலி என்ன புதுசா. கோசை சுடுற அடுப்புப் புகையில தினம் வருது." அக்கா காலையில் தெருமுனையில் காராமணி வடை சுட்டு விற்கிறவள், அதைத்தான் சொன்னாள். தொழுகை தப்பாத மாத்திரை கிடைத்ததில் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

டோஷிமா ரத்த அழுத்தம் பார்த்தாள். சரியாக இருந்தது. "இந்த மாத்திரைக்கு ஒண்ணு கேட்டாகணும். எத்தனை பிரசவம்?"

"மூணு."

"ஏதாவது ஒண்ணுல காலு வீங்கி, ரத்தம் உறைஞ்சு போச்சா? அப்படின்னா இது ஆகாதும்மா. மறுபடி உறையும்."

அக்கா இடது காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"இந்த மூணுலயும் இல்ல."

4

இங்கே கதாசிரியை குறுக்கே வருகிறாள். வேறு வழியில்லை, அந்தப் பெஞ்சிலும் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

என் நாக்கு நுனிவரை வந்தது. "அவங்களுக்கு நாலு. முதல்ல ஒண்ணு இருக்கு." சொன்னால் டோஷிமா சும்மா விடுவாளா? எங்கே அந்தப் பிள்ளை என்பாள். நான் கையைத் தூக்க வேண்டும். காத்திருக்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா அத்தனை வருஷம் காத்துவந்த மானத்தை அவள் வயிற்றில் பிறந்தவளே பெஞ்சில் வைத்து அவிழ்ப்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மாத்திரை அட்டையை நான்தான் வாங்கிப் பைக்குள் வைத்தேன். அந்தக் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சலமாத்து என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு பெண் தன் உயிரைவிடக் கூச்சத்தைப் பெரிதாக நினைப்பாளா? என் வாசகிகள் நம்புவார்கள். நம்பாமல் கேட்கிறவர்களுக்கு ஒன்று: நான் படித்தவள், பிழைப்பே சொற்களை வைத்துத்தான், நானும் அதே அறையில் பேசாமல் இருந்தேன். அவளை மட்டும் என்ன கேட்பது?

"உதிரம் வர்ற முதல் நாள் ஆரம்பிங்க" என்று டோஷிமா சொல்லி அனுப்பியிருந்தாள். அது இன்றைக்கும் வரலாம்.

5

யோசித்துப் பார்த்த முடிவுகள்:

நான் தனியாகப் போய் டோஷிமாவிடம் சொல்லிவிடுகிறேன். (வாசல்வரை போனேன். அக்காவின் வயிற்றுக் கதையை அவளுக்குத் தெரியாமல் வெளியாளிடம் எப்படிச் சொல்ல ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.)

அத்தையிடம் சொல்கிறேன். (சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அக்கா அதற்கப்புறம் வடை சுட வெளியே வர மாட்டாள்.)

கதாநாயகி அட்டையைத் திருடி ஒளித்துவைக்கிறாள். (என் பழைய கதைகளில் இதைத்தான் செய்வேன், நன்றாக விற்கவும் விற்கும். நிஜத்தில் அக்கா போய் இன்னொரு அட்டை வாங்குவாள்.)

சலமாத்து செத்துப்போ —

(இதற்கப்புறம் ரொம்ப நேரம் எதுவும் எழுதவில்லை.)

6

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மேலே இருக்கிற மூன்றாவது பகுதியை மட்டும் போனில் எழுதி, அக்காவை ஹன்ஸத்து என்று மாற்றி, ஊரை தௌரா என்று மாற்றி, அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா ஊறவைத்த காராமணியைத் தண்ணீருக்குள் கசக்கித் தோல் எடுத்துக்கொண்டிருந்தாள். என் கதைகளை அவள் கேட்பாள். கேட்கிற மாதிரி காட்டிக்கொள்ள மாட்டாள். "புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன்" என்றேன். "எழுதினா படி, யார் வேண்டாம்னா" என்று காராமணியிடம் சொன்னாள்.

படித்தேன். ரக்கியாவின் மாமியார் இடத்தில் அக்கா சிரிக்கவில்லை. வளையத்தில் சிரிக்கவில்லை. "இந்த மூணுலயும் இல்ல" என்கிற இடத்தில் நான் எழுதியது தீர்ந்துவிட்டது.

"அந்தப் பொம்பளைக்கு எத்தனை பிள்ளைங்கன்னு படிச்சே?"

"மூணு."

அவள் பாத்திரத்தைச் சாய்த்து, மேலே மிதந்த தோலை வடியவிட்டு, புதுத்தண்ணீர் ஊற்றினாள்.

"தப்பா எழுதியிருக்கே."

நான் போனில் அந்த வரிக்குத் திரும்பப் போனேன்.

"நாலுன்னு எழுது. பேரெல்லாம் எழுத வேண்டாம்."

"சரிக்கா."

"அந்தக் காலு இன்னும் மழைக்குக் கடுக்கும். அதையும் எழுதிக்கோ."

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவளும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், ஈரக்கையோடு. பிறந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை.

"அந்தப் பொம்பளை மாத்திரையை ஆரம்பிச்சுட்டாளா?" என்று போனிடம் கேட்டேன்.

"இன்னும் உதிரம் வரல."

"நர்ஸம்மாகிட்ட மறுபடி போவாளா?"

"போறதுன்னா நாளைக்குப் போவா. தனியாத்தான் போவா. அந்தப் பொண்ணு கூட வரக்கூடாது. அது பக்கத்துல உக்காந்திருந்தா இவளுக்கு வாய் வராது."

7

எனவே நான் அங்கே இருக்கப்போவதில்லை. இல்லாத இடத்தை எழுத எனக்குத் தெரியும், பிழைப்பே அதுதான். ஆனால் இதை எழுத மாட்டேன். என் கையில் விட்டால் அக்காவை நிமிர்ந்து உட்காரவைத்து, கணீரென்று "நாலு" என்று சொல்லவைத்து, ஊசியோ குச்சியோ வாங்கிக்கொடுத்து, நோன்புக்கும் ஒரு வழி பண்ணி அனுப்பிவிடுவேன். நடந்தது என்னவென்று அப்புறம் எனக்கே தெரியாமல் போய்விடும்.

நீங்கள் போங்கள். உங்களை அவள் பெறவில்லை, உங்கள் முன்னால் அவளுக்குக் கூச்சம் இருக்காது. பெஞ்சில் சுவரோரமாக இடம் இருக்கும். டோஷிமா, "என்னம்மா திரும்ப வந்துட்டீங்க?" என்று கேட்பாள். அக்கா முதலில் கால் கடுப்பைப் பற்றி ஏதாவது சொல்வாள், மழையைப் பற்றிச் சொல்வாள். அப்புறம் டோஷிமா மறுபடியும் எத்தனை பிரசவம் என்று கேட்பாள்.

அக்கா பதில் சொல்ல நேரமாகும். பின்னால் இருக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், டோஷிமா அடுத்த ஆளைக் கூப்பிடப் பார்ப்பாள். யாரும் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து எண்ணி அவளுக்குப் பழக்கமில்லை.