எட்டு விநாடி, பத்தரை விநாடி

கப்பல் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் அலை வந்தது. பால்மாரியா தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டு ஆக்டோபஸ் பிடித்துக்கொண்டிருந்த அர்மீதாவின் படகு ஒருமுறை தலைகுப்புறக் கவிழப் பார்த்து நிமிர்ந்தது. அவள் கணவன் ஜீனோ தெப்பமாக நனைந்து, கப்பல் போன திசையைப் பார்த்துத் திட்டித் தீர்த்தான்.

"அதை விடுய்யா. அதோட அடிச்சாயத்தைப் பாத்தியா?" என்றாள் அர்மீதா.

"உசிரு போகப் பாத்துச்சு, உனக்குச் சாயமா முக்கியம்?"

"தண்ணிக்குள்ள இருக்க வேண்டிய பட்டை ரெண்டு முழம் வெளிய தெரியுது. பின்பக்கம் பீரங்கி இருக்க வேண்டிய இடத்துல வெறும் தார்ப்பாய். வெறும் வயித்தோட ஓடுதுய்யா அது."

லா ஸ்பெசியா வளைகுடாவில் கறுப்புச் சிப்பி வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். ஒரு படகு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே உள்ளே எத்தனை கூடை சிப்பி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

மறுநாள் பத்திரிகையெல்லாம் அந்தக் கப்பல்தான். பழைய கூலிப்படைத் தளபதிகளின் பெயர் சூட்டி, ஒரே வார்ப்பில் கட்டிய நான்கு போர்க்கப்பல்களில் ஒன்று, மணிக்கு நாற்பது கடல் மைலைத் தாண்டி ஓடிவிட்டதாம். அவ்வளவு பெரிய கப்பல் உலகத்தில் வேறெங்கும் அந்த வேகத்தில் ஓடியதில்லையாம். துறைமுகத்து மதுக்கடையில் ஆளாளுக்குக் கோப்பையைத் தூக்கினார்கள். சிப்பிக் கூடையோடு உள்ளே வந்த அர்மீதா, மூலை மேசையில் கடலைமாவு அடை தின்றுகொண்டிருந்த ரெவெலாந்திடம் நேராகப் போனாள். அவன் வடகிழக்கிலிருந்து வந்த என்ஜினியர். கடற்படைக்காக அந்தக் கப்பலில் ஏறும் ஒவ்வொரு பொருளின் எடையையும் கணக்கு வைப்பவன்.

"என்ஜினியர் ஐயா, ஒரு சந்தேகம். பீரங்கி, குண்டு, எண்ணெய் எல்லாம் ஏத்தினப்புறமும் அது நாப்பது ஓடுமா?"

ரெவெலாந்து மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். "யாரு உங்ககிட்ட சொன்னது?"

"கப்பலே சொல்லுச்சு."

"மெதுவாப் பேசுங்கம்மா. ஆளுங்கட்சிக் கறுப்புச் சட்டைக்காரன் ரெண்டு பேரு பின்னாடி உக்காந்திருக்கான்." அடையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, அவளும் ஜீனோவும் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு ரெவெலாந்தே தேடிக்கொண்டு வந்தான். மூன்று நாளாகத் தூங்காதவன் முகம்.

"நீங்க கேட்டது எனக்கும் தெரியாது. எடை என்னன்னு கிராம் சுத்தமாத் தெரியும். ஆனா நிறைஞ்ச கப்பலை மறுபடி ஓட்டி அளக்க மாட்டாங்க. நாப்பதுன்னு அச்சடிச்சாச்சே! அதுல போற பிள்ளைங்க நாப்பதுன்னு நம்பிட்டுத்தான் சண்டைக்குப் போகும்."

"நாமளே அளந்துட்டா?" என்றாள் அர்மீதா.

"எப்படி? தூரம் தெரியணும். கரையில குறி நட்டு, வரைபடம் விரிச்சு உக்காந்தா, ஒற்றன்னு பிடிச்சு உள்ள போட்ருவான்."

அர்மீதா கடல் பக்கம் கையைக் காட்டினாள். "கப்பல் எவ்வளவு நீளம்?"

"நூத்தி அறுபத்தொம்பது மீட்டர்."

"அப்ப அதுவே அளவுகோல்தானே? நான் நங்கூரம் போட்டு ஒரே இடத்துல இருக்கேன். அதோட மூக்கு தீனோ தீவு கலங்கரை விளக்குக்கு நேரா வரும்போது ஆரம்பிச்சு, வாலு தாண்டும்போது நிறுத்தினா, தன்னோட நீளத்தைத் தானே எத்தனை விநாடியில கடந்துச்சுன்னு தெரிஞ்சுடும்ல?"

ரெவெலாந்து குந்தி உட்கார்ந்து, மண்ணில் விரலால் கணக்குப் போட்டான். "நாப்பதுன்னா எட்டு விநாடி சொச்சம்," என்றான். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"இவளுக்குத்தான் கிறுக்குன்னு நெனைச்சேன். ரெண்டும் ஜோடி," என்றான் ஜீனோ.

கோடையில், பீரங்கிகளெல்லாம் ஏறிய பிறகு, கப்பல் பயிற்சிக்கு வெளியே போகத் தொடங்கியது. இப்போது அடிச்சாயம் தெரியவேயில்லை. என்றைக்கு முழு வேகம் என்பதைக் கொதிகலன் அறையில் வேலை பார்க்கும் பியெரோ மதுக்கடையில் அலுத்துக்கொள்வதிலிருந்து அர்மீதா தெரிந்துகொள்வாள். "நாளைக்கு வெந்து சாகப்போறோம்" என்று அவன் சொன்னால், மறுநாள் விடியும்போது அவள் ஜீனோவோடு படகில் இருப்பாள்.

மூன்றாவது முறை அளந்து முடித்த உடனே காவல் படகு வந்துவிட்டது. அதிலிருந்த மீசைக்கார அதிகாரி அவள் கையிலிருந்த கடிகாரத்தைச் சுட்டிக் காட்டினார்.

"ஆக்டோபஸ் நேரம் கேக்குதோ?"

ஜீனோவுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் அர்மீதா சொன்னது பொய்யில்லை. "உங்க கப்பல் போய் எவ்வளவு நேரங்கழிச்சு அலை வருதுன்னு பாக்குறேன் ஐயா. போன தடவை எங்களைக் கவுக்கப் பாத்துச்சு."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடிகாரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"நாலு நிமிஷம். இப்ப வந்துரும், கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

அவர் சிரிக்கத் தொடங்கியபோதே அலை வந்தது. தொப்பி தண்ணீரில் விழுந்தது. ஜீனோதான் துடுப்பால் அதை இழுத்துக் கொடுத்தான். கடிகாரத்தைத் திருப்பித் தந்துவிட்டு அதிகாரி போய்விட்டார்.

ஐந்து முறை அளந்தார்கள். பத்தரை, பத்தரை, பதினொன்று, பத்தரை, பத்தேகால் விநாடி. மணிக்கு முப்பத்தொன்று, அதிகம் போனால் முப்பத்திரண்டு கடல் மைல். நாற்பது இல்லை.

ரெவெலாந்து கணக்கை ஒரு தாளில் அறிக்கையாக எழுதினான். கணக்கு விடை கண்ட சந்தோஷமும் கவலையும் ஒன்றாகவே அவன் முகத்தில் இருந்தன. யார் அளந்தது என்று எழுதாமல், தன் பெயரை மட்டும் போட்டுக் கடற்படை மேலிடத்துக்கு அனுப்பினான். பத்து நாளில் தெற்கே தரந்தோவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

பெட்டியோடு ரயிலுக்குக் கிளம்பியவன் சிப்பி மேடைக்கு வந்து நின்றான். அவனுடைய அறிக்கை திரும்பி வந்திருந்தது. மேலே சிவப்பு மையில் 'கோப்பில் சேர்க்க வேண்டாம்'. ஆனால் ஓரத்தில், பென்சிலில், வேறொரு கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'எண்ணெய்த் தொட்டி முழுதா, பாதியா?'

"யாரு எழுதினதுன்னு தெரியல. ஆனா அங்கயும் ஒருத்தனுக்கு உறுத்தியிருக்கு," என்றான் ரெவெலாந்து.

"நல்ல கேள்விதான்," என்றாள் அர்மீதா. "நமக்குத் தோணாமப் போச்சே! பாதின்னா, முழுசுக்கு இன்னும் குறையுமே?"

அவனுடைய தரந்தோ முகவரியை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு, கையைப் பாவாடையில் துடைத்தபடி, பியெரோ இருக்கிறானா என்று பார்க்க அவள் மதுக்கடைப் பக்கம் நடந்தாள்.