மிச்சமிருந்த முள்ளெலும்பு

குதிரையின் எலும்புக்கூட்டைக் கோத்து முடித்த பிறகும் தட்டில் ஒரு முள்ளெலும்பும் இரண்டு விலா எலும்புகளும் மிச்சமிருந்தன. அருங்காட்சியகத்தின் புதிய கூடத்துக்கு மறுநாள் திறப்பு விழா. இயக்குநர் எட்டிப் பார்த்தார்.

"வேற ஏதாவது மிருகத்தோடது கலந்திருக்கும்மா. எடுத்து அலமாரிக்குள்ள வச்சிடுங்க."

விலங்கியலாளருக்கு மனசு கேட்கவில்லை. தவளை, பாம்பு, வௌவால் என்று முதுகெலும்பு உள்ள எதையும் வேகவைத்து எலும்பெடுக்காமல் விடாதவள். வீட்டில் அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாமல் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது என்பது மாமியாரின் சட்டம். இத்தனை வருடத்தில் அவள் கோத்ததற்கெல்லாம் மேலதிகாரிகளின் பெயர்தான் பலகையில் ஏறியது. முதல்முறையாக அவள் பெயர் ஏறப்போவது இந்தக் குதிரையின் கீழேதான்.

குதிரைக்கு மார்பில் பதினெட்டு முள்ளெலும்பு என்று புத்தகம் சொல்கிறது. பதினெட்டு வந்ததும் அவள் கை தானாக நின்றுவிட்டது. படித்தவர்களுக்கு மட்டுமே வரும் வியாதி இது. மிச்ச எலும்பை இப்போது வெளிச்சத்தில் திருப்பினாள். சுமை தூக்கித் தூக்கி இந்தக் குதிரையின் முதுகில் எலும்பு முடிச்சு விழுந்திருந்தது. முடிச்சின் ஒரு பாதி கோத்த வரிசையில் இருந்தது. மறு பாதி அவள் உள்ளங்கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்தாள். பானையில் மூடி உட்காருவதுபோல உட்கார்ந்தது.

"சார், இதுக்குப் பத்தொன்பது."

"புத்தகத்துல அப்படி இல்லையேம்மா."

"புத்தகம் பொதுவா குதிரைக்கு எழுதினது சார். இது இந்தக் குதிரை."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "காலையில தயாரா நிக்கணும். இல்லன்னா குதிரையும் கிடையாது, உங்க பேரும் கிடையாது. அங்க ஒரு பூந்தொட்டி வச்சிடுவேன்."

பேசாமல் எலும்பை அலமாரிக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாதுதான். அவள் கணவனுக்கு போன் செய்தாள். அவன் வண்டி மெக்கானிக்.

"கோத்து முடிச்சப்புறம் ஒரு போல்ட் மிச்சமிருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"மறுபடி கழட்டுவேன். ஏன், யார் வண்டி?"

ஸ்பானரோடு வந்தவன் குதிரையைப் பார்த்து, "இதுக்கு ஆர்சி புக் இருக்கா?" என்றான். அவள் விலா எலும்புகளை அவன் கையில் திணித்தாள். பாதிக் குதிரையைக் கழற்றி மிச்ச எலும்பையும் விலாக்களையும் நுழைத்து மறுபடி கோத்தார்கள். முதுகின் வளைவு அப்போதுதான் உயிருள்ளதன் வளைவாக ஆனது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, பழைய அளவுக்குச் செய்த கண்ணாடிப் பெட்டிக்குள் வால் அடங்கவில்லை. கணவன் தலையைச் சொறிந்தான். பிறகு பெட்டியின் பின்பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு வாலை வெளியே விட்டான்.

காலையில் இயக்குநர் வந்து வாலைப் பார்த்தார். வாய் திறக்கப் போனவர், குனிந்து முள்ளெலும்புகளை எண்ணினார். முடிச்சு வந்த இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து, பெயர்ப்பலகையைத் தானே திருகி மாட்டினார்.

கூட்டம் உள்ளே வந்தது, கூடவே மாமியாரும். யாரோ ஒருவர், "வால் ஏங்க வெளிய நிக்குது?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"எங்க மருமக கோத்த குதிரைங்க. பெட்டிதான் சின்னது."

ஆட்கள் நடக்க நடக்க, தரை அதிர்வில் பெட்டிக்கு வெளியே வால் நுனி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.