ஐந்து வருடம் எட்டானபோது

அதுவரை யாரிடமும் சொல்லாததை, டீட்டிகோன் நகர மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்கு முன்னால் சந்திரமதி சொன்னாள். கிருசிகா கேட்டதால் சொன்னாள்.

கிருசிகா இங்கே பிறந்தவள், சட்டம் படித்தவள். கன்டோன் என்ற மாநிலச் சபைத் தேர்தலில் நின்ற அவளுக்கு, சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்து இந்நாட்டுக் குடிமக்களாகிவிட்ட தமிழரின் வாக்குகள் வேண்டியிருந்தன.

"அன்ரி, நீங்கள் கதைச்சாத்தான் சனத்துக்கு விளங்கும். எஃப் அனுமதியோட இருக்கிற ஆக்களுக்காகத்தான் நான் நிக்கிறன்."

சந்திரமதியிடம் இருந்ததும் அந்த எஃப் தான். திருப்பி அனுப்பமாட்டார்கள், எல்லை தாண்டவும் விடமாட்டார்கள். ஐந்து வருடம் முடிந்தால், எல்லை தாண்ட விடும் பி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அவளுக்கு அது ஆவணியில் முடிய இருந்தது. பாரிசில் மகள் யாதவிக்கு மார்கழியில் பிள்ளை பிறக்க இருந்தது. ரயிலில் நான்கு மணி நேரம்தான்.

மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"நான் இயக்கத்தின்ர ஆசுப்பத்திரியில காயம் கட்டினனான். சண்டை முடிய, புனர்வாழ்வெண்டு ரெண்டு வருசம் அடைச்சு வைச்சவை. விடேக்க ஒரு கடதாசி தந்து, இனி நீ சுதந்திரம் எண்டவை. பிறகு கிழமைக்குக் கிழமை ஆமி முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேணும். நான் வெளியில வரேக்க என்ர பிள்ளைக்குப் பதினொரு வயசு. தங்கச்சியின்ர பின்னால ஒளிஞ்சு நிண்டு என்னைப் பாத்தது."

சனம் அழுதது. கிருசிகா வென்றாள்.

அடுத்த கிழமை முதல், கூட வேலை செய்யும் திரேசா பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தாள். "குறை நினையாதைங்கோ அக்கா. நாங்கள் ஊருக்குப் போய் வாற ஆக்கள். இயக்கத்தில இருந்தவையோட பழகினா அங்க பிரச்சினை."

ஆனியில், பி அனுமதிக்கான ஐந்து வருடத்தை எட்டாக்கும் பிரேரணை சபைக்கு வந்து நிறைவேறியது. யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பட்டியலைத் அவளோடு துப்புரவு வேலைக்கு வரும் அல்பேனியப் பெண் கைபேசியில் காட்டினாள். கிருசிகாவின் பெயருக்கு நேரே 'ஆம்' என்றிருந்தது.

சந்திரமதி வேலை உடுப்போடே கிருசிகாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

"கட்சி சேர்ந்து எடுத்த முடிவு அன்ரி. அதுக்குப் பதிலாத்தான் பிள்ளைக் காப்பகங்களுக்கு நிதி கிடைச்சது. நான் ஒராள் எதிர்த்தாலும் அது நிறைவேறியிருக்கும்."

"எப்பிடியும் நிறைவேறுமெண்டா எதிர்த்திருக்கலாமே, பிள்ளை?"

கிருசிகா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எதிர்த்தா அடுத்த முறை வேட்பாளர் பட்டியல்ல என்னைக் கீழ தள்ளிப்போடுவினம்."

"அதை முதலே சொல்லியிருந்தா நான் மேடையில ஏறியிருக்கமாட்டன்."

கிருசிகாவின் கண் கலங்கியது. பயண அனுமதிக்குத் தானே கடிதம் எழுதித் தந்தாள். நல்ல கடிதம்தான். ஆறு கிழமையில் மறுப்பு வந்தது.

பிள்ளை மார்கழி பன்னிரண்டில் பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமான சரக்குக்கறியை யாதவியின் அடுத்த வீட்டுப் பெண் காய்ச்சிக் கொடுத்தாளாம். வீடியோவில் யாதவி பிள்ளையின் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து காட்டினாள்.

"என்னால வரேலாமப் போச்சு, பிள்ளை" என்றாள் சந்திரமதி.

"பரவாயில்லை அம்மா," என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. "எனக்குச் சின்னனிலயே பழகிப்போச்சு."

பிள்ளை அழத் தொடங்கியது. யாதவி தொலைபேசியை வைத்துவிட்டாள்.