கயிற்றைப் பிடிக்குமுன் வணக்கம்

லிஸ்டனின் மினிபஸ் நிறையக் கப்பல் பயணிகள். கேரியாகூ தீவின் துறையில் இறங்கி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி ஏற்றியிருந்தான். அங்கே என்ன காத்திருக்கிறது என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று அவனுக்கே தெரியவில்லை.

காத்திருந்தது அவன் அக்கா எனித்தின் புதுப் படகு. மூன்று வருஷமாகக் கரையிலேயே கட்டிய படகு. இன்று கடலில் இறக்க வேண்டும். விடிந்ததுமே முட்டுக்கட்டைகளை வெட்டிப் படகை ஒரு பக்கமாகச் சாய்த்து உருளைகள்மேல் கிடத்திவிட்டார்கள். இழுக்க வேண்டிய சொந்தக்காரர் கூட்டமோ, எஞ்சின் நின்றுபோன படகில் நடுக்கடலில் உட்கார்ந்திருந்தது. நீர் ஏறி நிற்கும்போதே இழுத்தாக வேண்டும். தவறினால் ராத்திரி அலை வந்து பலகைகளைப் பெயர்த்துவிடும்.

"ஆளோட வா, இல்லேன்னா வராதே" என்று எனித் போனிலேயே சொல்லிவிட்டாள்.

அதனால் லிஸ்டன் சுற்றி வளைத்தான். "கடலோரத்துல நிழலா இருக்கேன்னு கண்ட மரத்தடியிலயும் உக்காந்துராதீங்க. சின்ன ஆப்பிள் மாதிரி பச்சைக் காய் கெடந்தா எந்திரிச்சு ஓடிருங்க. மழையில அந்த மரத்துத் தண்ணி பட்டாலே தோல் வெந்துரும். அப்புறம், குளிக்கிற உடுப்போட கடைத்தெருவுக்கு வராதீங்க. எங்க சனங்க மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா அடுத்த வருஷம் வரைக்கும் பேசுவாங்க."

பயணிகள் சிரித்தார்கள். அவனுக்குத் தைரியம் வந்தது.

"யாராவது 'இதோ வந்துட்டேன்'னு சொன்னா நீங்க ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். ஆனா ஒண்ணு. கடையோ வீடோ பஸ்ஸோ, வணக்கம் சொல்லாம வாயத் தெறக்காதீங்க. சொல்லாதவங்களுக்கு இங்க பச்சத்தண்ணிகூட கெடைக்காது."

முன்சீட்டில் ஓலைத்தொப்பியோடு இருந்த கிரேட்டா என்ற நெட்டை அம்மாள் கேட்டாள்: "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான் அம்மா. ஆடு நின்னாலும் சொல்லிருங்க, தப்பில்ல." ஒரு வளைவு திரும்பியதும் மெல்லச் சொன்னான்: "குளிக்கிறதுக்கு முன்னால ஒரு படகு இழுக்கணும். எங்கக்கா படகு."

பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர் கேட்டார்: "எவ்வளவு பெரிசு?"

"அது... கொஞ்சம் பெரிசு."

இறங்கிப் படகைப் பார்த்ததும் அவர்கள் இரண்டடி பின்வாங்கியது என்னவோ உண்மைதான். ஆனால் பஸ்ஸில் கேட்ட பாடத்தை மறக்கவில்லை. கயிற்றோரம் நின்றவர்களுக்கு, முரசடிப்பவர்களுக்கு, சோளமாவு கிண்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று வணக்கம் வைத்தார்கள். வணக்கத்துக்குப் பதில் வைக்காமல் விட அந்தக் கரையில் யாருக்கும் மனம் வருமா? கயிற்றைக் கீழே போட்டார்கள், கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்கள். எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, அங்கே மழை உண்டா என்று விசாரணை தொடங்கிவிட்டது. கயிறு மணலில் அநாதையாகக் கிடந்தது.

எனித் தம்பியின் சட்டையைப் பிடித்தாள். "என்னடா சொல்லிக் குடுத்தே இவங்களுக்கு?"

"மரியாதை, அக்கா."

"உன் மரியாதைக்குக் கடல் காத்துக்கிட்டு நிக்குமா? தண்ணி எறங்கப் போவுது."

"அப்ப நீயே போய் நிறுத்தச் சொல்லு."

அவள் வேகமாகத்தான் போனாள். எதிரே கிரேட்டா தொப்பியைக் கழற்றி, "வணக்கம் அம்மா" என்றாள். எனித்தின் வாய் தன்னால், "வணக்கம் கண்ணு, நல்லாருக்கியா" என்றது. லிஸ்டன் தலையில் கை வைத்துக்கொண்டான். வினை அவன் கூட்டி வந்தது, அவன்தான் தீர்க்க வேண்டும்.

கவிழ்ந்து கிடந்த பீப்பாய் மேல் ஏறினான். "எல்லாரும் கயித்தப் பிடிங்க. தனித்தனியா சொன்னா பொழுது போயிரும். நான் வணக்கம்னு சொல்றேன். நீங்க எல்லாருமா பதில் சொல்லிக்கிட்டே ஒரே இழுப்பா இழுக்கணும்."

கயிற்றுத் தலைவர் அல்வின் முகத்தைச் சுளித்தார். "காலங்காலமா இழுப்புப் பாட்டுன்னு ஒண்ணு இருக்கு. அத விட்டுட்டு இதென்னடா கூத்து?"

"பாட்டு அவங்களுக்குத் தெரியாது மாமா. இது தெரியும்."

அல்வின் முணுமுணுத்தபடியே முதல் ஆளாகப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

"வணக்கம்" என்றான் லிஸ்டன். "வணக்கம்" என்று கரையே இழுத்தது. படகு அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள். உருளை ஒன்று முனகியது. அடுத்த வணக்கத்துக்குப் படகு ஒரு முழம் நகர்ந்தது. முரசு சேர்ந்துகொண்டது. பின்சீட்டுக் கிழவருக்கு முகமெல்லாம் சிவந்தது. கிரேட்டா மணலில் குப்புற விழுந்தாள், கயிற்றை விடாமல் எழுந்தாள். வணக்கம், வணக்கம் என்று தொண்டை கட்டும்வரை கத்தி இழுத்ததில், நீர் இறங்குமுன் படகின் மூக்கு கடலைத் தொட்டது. அதன் பிறகு யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. வழுக்கிக்கொண்டு தானாகவே போயிற்று.

எனித் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

"என்னக்கா, திட்டலையா?" என்றான் லிஸ்டன்.

"அப்புறம் திட்டிக்கிறேன். அவங்களுக்கு மொதல்ல சோறு போடு. ஆட்டுக்கறிய அள்ளி வை, கஞ்சத்தனம் பண்ணாத."

சாய்ந்து மிதந்த படகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அவள் அதன் பலகையில் கையை வைத்து, அது நேராக நிற்கும்வரை எடுக்கவேயில்லை.