பேசாமல் இருந்த வகுப்பு

ஆவடிக்குப் பக்கத்தில், வெள்ளானூரில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் வித்யா ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். வகுப்புக்கு ஒரு கேமரா இருந்தது. பெற்றோர் ஆபீசில் இருந்தபடியே செல்போனில் பார்க்கலாம். படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது.

அன்று அவள் கேட்டாள்: "இரும்பு ஆணி தண்ணியில மூழ்கிடுது. அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல் எப்படி மிதக்குது? அவசரப்படாம, கண்ணை மூடி யோசிங்க."

பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்துக் கண்ணை மூடினார்கள். அவளும் பேசாமல் உட்கார்ந்தாள். வகுப்பு அப்படி அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. கடைசியில், சேக்காட்டிலிருந்து வரும் காவ்யா கை தூக்கினாள்.

"மிஸ், கப்பலு உள்ள காலியா கீது. ஆணியில..."

அதற்குள் ஆயா வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், பிரின்சிபல் சார் உடனே கூப்பிடறாரு."

பிரின்சிபல் சம்பத் தன் செல்போனை நீட்டினார். வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா ஸ்ரீநாத், கேமராவில் தெரிந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதில் வகுப்பே தூங்குவதுபோல் இருந்தது. டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"யோசிக்க வெச்சேன் சார்."

"எனக்குப் புரியுது மேடம். கேமராவுல அது தெரியலையே! நீங்க பேசிக்கிட்டே இருங்க. பசங்க எழுதிக்கிட்டே இருக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணும் இங்கதான் ஃபீஸ் இல்லாம படிக்குது. பார்த்துக்கோங்க."

அவள் கணவனுக்கு வேலை போயிருந்த நேரம். தலையாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் கேள்வியைக் கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொன்னாள். போர்டு நிறைய எழுதினாள். தொண்டை வறண்டும் தண்ணீர் குடிக்க நிற்கவில்லை. நின்றால் யாராவது படம் எடுப்பார்கள் என்று முதுகு கூசியது.

மணி அடித்ததும் காவ்யாவிடம் போனாள்.

"நேத்து ஏதோ சொல்ல வந்தியேம்மா?"

"அது தப்பு மிஸ். போர்டுல வேற மாரி எய்திக்கீறீங்க."

"தப்பில்லடா. ரெண்டும் ஒண்ணுதான். நீ சொல்லு, நான் கேக்கறேன்."

காவ்யா போர்டைப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

"வேணாம் மிஸ். இதையே படிச்சிக்கிறேன். இத எய்தினா மார்க்கு வரும்ல?"

"வரும்" என்றாள் வித்யா.

அடுத்த வகுப்பில் கால் வைக்கும்போதே சத்தமாகப் பேசத் தொடங்கினாள்.